ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் நம்ம ஹெரால்டு

ஆங்கிலேயரின் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கூரையில்லாத சிவப்பு வண்டியும் அதில் தொப்பி வைத்த துரையும் நம் கண்முன் வருவார்கள். வண்டி என்னவோ சீமான் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் சாதாரணக் குடும்பக் காரின் சாமான்கள். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் 1,489 சி.சி. இன்ஜின், நெய்வேலி நகரியத்திலும் ஊர் ஊராகவும் ஓடிய பழைய அம்பாசடர் இன்ஜினுக்கு உடன்பிறப்பு. அங்கே இரட்டைக் கார்புரேட்டர் பூட்டினார்கள், பாய்ந்தது.

ஆனால் நமக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. மேல்பட்டாம்பாக்கத்திலோ நெல்லிக்குப்பத்திலோ அறுபதைத் தாண்டிய எந்த மெக்கானிக்கிடமும் ஹெரால்டு என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்து தந்த ஆலையை 1953-இல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. மற்றவர்கள் சேசிஸும் பாடியும் ஒன்றாய் இணைந்த புதுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இவர்களுக்கு அதற்கு வழியில்லை. அடியில் தனி சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி என்று பழைய முறைக்கே திரும்பினார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவம் வரைந்தார். 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு பிறந்தது.

வேறு வழியில்லாமல் செய்ததுதான், அதில் இரண்டு நன்மை விளைந்தது. சேசிஸைக் குட்டையாக்கி மேலே இரண்டு பேர் உட்காரும் பாடியை வைத்தார்கள். 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்து, 1980 வரை விற்றது. துண்டு துண்டாகப் பூட்டும் வண்டி என்பதால் கடல் கடந்து கொண்டுபோய்க் கோக்கவும் சுலபம். 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது.

இதன் பானெட்டைத் திறப்பதே ஒரு காட்சி. இரு பக்கமும் வெளியிலேயே கொக்கி இருக்கும். இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு மூஞ்சி மொத்தமும் முன்பக்கம் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன்டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பார். குனிந்து இடுப்பு ஒடிய வேண்டியதில்லை. ஸ்பிட்ஃபயரிலும் இதே ஏற்பாடுதான். இன்னொன்று, முன்சக்கரம் ஒடியும் ஒடிப்பு. 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். சந்துக்குள் ஓட்டுகிறவருக்கு இதைவிட என்ன வரம் வேண்டும்?

குறையும் சொல்லியாக வேண்டும். 948 சி.சி. இன்ஜின் நாலு பேர் ஏறினால் மூச்சு வாங்கும். போல்ட் போட்ட பாடி நாளாக நாளாகக் கடகடக்கும், மழைக்கு ஒழுகும். பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஆக்ஸிலில் நின்றன. குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, பின்புறம் இழுத்துக்கொண்டு போகும். ஸ்பிட்ஃபயரும் இதே பழிக்கு ஆளானதுதான்.

நம் மெக்கானிக்குகளுக்கு அந்த ஆக்ஸில் பிடிக்கவேயில்லை. இங்கே முதலில் இரண்டு கதவை நாலாக்கினார்கள். எழுபதுகளில் கெஸல் என்று பெயர் மாற்றி, பின்னால் ஒரே தண்டான ஆக்ஸிலையும் போட்டார்கள். குடும்பம் நிம்மதியாகப் போனது. ஆனால் ஓட்டுகிறவன் கைக்குத் தெரிந்த அந்தத் துள்ளல் குறைந்தது. என்னைக் கேட்டால், இரண்டு கதவுள்ள முதல் ஹெரால்டுதான் ஹெரால்டு.

ஹெரால்டைச் சென்னையில் தயாரித்த அதே கம்பெனி 1985-இல் ரோவர் காரின் உடம்பில் பழைய வேன்கார்டு வழிவந்த இன்ஜினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 விட்டது. அரச உடை, கிழட்டு இதயம். 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த பெருங்களத்தூர் நிலத்தில் இன்று கணினி நிறுவனங்களின் கட்டடங்கள்.

கடலூர், பண்ருட்டி வட்டாரத்தில் எந்தக் கொட்டகையிலாவது தார்ப்பாயின் கீழ் ஒரு ஹெரால்டு கிடந்தால், காயலாங்கடைக்கு எடைபோட்டுக் கொடுக்குமுன் அடியில் படுத்து சேசிஸைத் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு தின்னாமல் அது கெட்டியாக இருந்தால் போதும். மற்றதையெல்லாம் கழற்றிப் பூட்டிக்கொள்ளலாம்.