ஆங்கில வினைத்தொடரிற் சொற்களின் இருப்பிடம்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் பலர்க்கு இடர் விளைப்பது சொற்பொருளன்று, சொற்களின் இருப்பிடமே. தமிழில் வேற்றுமையுருபுகள் சொற்களின் உறவைக் காட்டிநிற்றலின், பெயர்களை முன்பின்னாக மாற்றினும் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்திலோ இடமே இலக்கணம். துணைவினை, வினையடை, செயப்பாட்டுவினை என்னும் மூன்றும் ஒரு தொடரிற் கூடும்பொழுது இவ்வுண்மை நன்கு புலப்படும்.

'கடிதம் திறக்கப்பட்டிருக்கலாம்' என்பதை ஆங்கிலத்தில், 'த லெற்றர் மே ஹாவ் பீன் ஓப்பின்ட்' என்பர். தமிழ் வினையைப் பகுத்து நோக்கின், திறக்க, பட்டு, இருக்க, லாம் என நான்கு உறுப்புகள் தோன்றும். ஆங்கிலத்தில் 'மே' என்பது 'லாம்' என்னும் ஐயத்தையும், 'ஹாவ்' என்பது 'இருக்க' என்னும் முடிவுற்ற நிலையையும், 'பீன்' என்பது 'பட்டு' என்னும் செயப்பாட்டையும், 'ஓப்பின்ட்' என்பது திறத்தலாகிய செயலையும் உணர்த்தும். தமிழின் ஈற்றுறுப்பே ஆங்கிலத்தின் முதலுறுப்பு. தமிழின் முதலுறுப்பே ஆங்கிலத்தின் ஈறு. ஆதலின், தமிழ் வினையை ஈற்றிலிருந்து முன்னோக்கிப் பகுத்துச் செல்லும் மாணவனுக்கு ஆங்கிலத் தொடரின் ஒழுங்கு தானே கைவரும்.

இவ்வுறுப்புகளிடையே வினையடை எங்கே நிற்கும்? செயல் நிகழ்ந்த தன்மையைக் கூறும் அடை, செயலைக் குறிக்குஞ் சொல்லின் அருகே நிற்கும். 'கவனமாக' எனப் பொருள்படும் 'கெயார்புலி' என்பது 'பீன்' என்பதன் பின், 'ஓப்பின்ட்' என்பதன் முன் வரும். பேசுவோனின் மதிப்பீட்டைக் கூறும் அடையோ முதற்றுணைவினையை அடுத்து நிற்கும். 'பெரும்பாலும் திறக்கப்பட்டிருக்கிறது' என்பதை, 'ஹாஸ் ப்ரொபப்லி பீன் ஓப்பின்ட்' என்பர்.

இடம் மாறினாற் பொருளும் மாறுவதுண்டு. ஒரு செய்தியைக் குறித்து, 'இற் றியலி கனொட் பி பிலீவ்ட்' என்றால், அதனை நம்பவே முடியாது என்பது பொருள். 'இற் கனொட் றியலி பி பிலீவ்ட்' என்றாலோ, முற்றாக நம்புவதற்கில்லை என்னும் மென்மையான மறுப்பாகும். சொற்கள் அவையே, ஒன்று மட்டும் ஓரிடம் தள்ளி நிற்கின்றது.

இவையெல்லாம் வகுப்பறையோடு முடிவனவல்ல. 2009 ஜனவரி 20ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாகப் பராக் ஒபாமா பதவியேற்றார். உறுதிமொழியில், 'விசுவாசமாக' எனப் பொருள்படும் 'பெயித்புலி' என்னும் அடை, 'வில்' என்னுந் துணைவினைக்கும் 'எக்சிகியூற்' என்னும் வினைக்கும் இடையே நிற்பது. அதனைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதியரசர் ஜோன் றொபேட்ஸ் அவ்வடையைப் பின்னே தள்ளிவிட்டார். ஒபாமா தயங்கினார், நீதியரசர் திருத்த முயன்றார், முடிவில் ஒபாமா அச்சொல்லை ஈற்றிலேயே வைத்துக் கூறினார். பொருள் மாறவில்லை. ஆயினும், அரசியலமைப்பு விதித்த சொல்லொழுங்கு பிழைத்ததென எவரும் ஐயுறாவண்ணம், மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழி மீண்டும் எடுக்கப்பட்டது.

1787இல் வரையப்பட்ட அவ்வரசியலமைப்பின் அதே உறுப்புரையில் இவ்வடை மற்றுமோரிடத்தும் வருகின்றது. சட்டங்கள் விசுவாசமாக நிறைவேற்றப்படுவதைச் சனாதிபதி கவனித்துக்கொள்ளவேண்டும் என்பது அவ்விதி. அங்கே தொடர் செயப்பாட்டுவினையாய், 'பி பெயித்புலி எக்சிகியூற்றட்' என அமைந்துளது. உறுதிமொழியிலுள்ள செய்வினையிற் பதவியை நடத்துபவர் சனாதிபதியே. செயப்பாட்டுவினையிலோ நிறைவேற்றுவோர் யாரெனக் கூறப்படவில்லை. சட்டத்தை நிறைவேற்றுவோர் அதிகாரிகள் பலராகலாம். அவர்தம் விசுவாசத்தைக் கண்காணிப்பது சனாதிபதியின் கடன். ஒரே வினை, ஒரே அடை. வினையின் வடிவம் மாறவே பொறுப்பின் வடிவமும் மாறுகின்றது.

ஆகவே, ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்திலோ அறிவித்தலிலோ கையொப்பமிடுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. துணைவினை கட்டளையா, அனுமதியா, ஐயமா? அடை எச்சொல்லைத் தழுவி நிற்கின்றது? செயப்பாட்டுவினையில் மறைந்து நிற்கும் எழுவாய் யார்? இம்மூன்றிற்கும் விடை கண்டபின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும்.