"சும்மா கிறுக்கல்"னு சொல்லாதீங்க

போன மாசம் பொதட்டூர்பேட்டையிலிருந்து அக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனேன். அவளுக்கு எட்டு வயசு. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருட்களை விற்றுத்தான் அதுக்குக் காசு சேர்த்தாங்க.

அங்கே பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்னு பார்த்தோம். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. கூடவே கட்டங்கள், கணக்குக் குறிகள்.

"மாமா, என்ன எழுதியிருக்கு?"

"சும்மா கிறுக்கல்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. நான் படிச்சப்போ ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்குவார். எனக்கும் பதில் தெரியாது. ஆனா அடக்கிக்கிட்டு, "உனக்கு என்ன தெரியுது?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொன்னா: "தாத்தா தறிக்கு டிசைன் போடுற கிராஃப் தாள் மாதிரி இருக்கு. அதையும் நம்மால படிக்க முடியாது, தாத்தாவுக்குத்தான் தெரியும்."

அதே வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இது தோணவே இல்லை.

அதனால, குழந்தைகளோட போனா மூணு ஓவியம் போதும். பெயர்ப்பலகையை முதலில் படிச்சுக் காட்டாதீங்க. அவங்க பேசி முடிக்கும்வரை காத்திருங்க. நாம சொல்ற "கிறுக்கல்"ங்கிற ஒரு வார்த்தை போதும், அந்தக் கண்ணை மூடிவிட.