நாற்காலிப் பற்றாக்குறை இல்லாத வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?

(கிள்ளானில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் இரவு ஷிப்டு முடிந்து, தூக்கத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்திற்கு வருகிறேன்.

பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இயங்கலைப் பாடங்களைத் தயாரிப்பதற்குப் பொதுப்பணம் செலவாகிறது. 'அது படித்தவர்கள் சமாச்சாரம், தொழிற்சாலையில் வேலை செய்கிற எனக்கு என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பணத்தில் உங்கள் காசும் இருக்கிறது. கடையில் பொருள் வாங்கும்போது விற்பனை வரி கட்டுகிறவர் எல்லாரும் இதில் பங்குதாரர்தான். பங்குதாரருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளையும் தேர்வுத்தாள்களையும் இணையத்தில் இலவசமாகப் போடப்போவதாக 2001-ல் அறிவித்தது. ஹியூலெட், மெலன் என்ற இரண்டு அறநிறுவனங்கள் அதற்குப் பணம் கொடுத்தன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் பட்டம் கிடையாது, விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்கவும் வழி கிடையாது என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். 2003-ல் இந்தியாவில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில் பொறியியல் பாடங்களைக் காணொளியாகத் தயாரிக்கத் தொடங்கின. என்.பி.டி.இ.எல். என்று அதற்குப் பெயர். அந்தப் பாடங்களில் சிலவற்றைப் பிறகு தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தால் இன்றிரவே கைப்பேசியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2014-ல் நான்கு பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு பாடத்தை எல்லாருக்கும் திறந்த இயங்கலைப் பாடமாகத் தயாரித்தன. இன உறவுகள் பற்றிய பாடமும் அவற்றில் ஒன்று. 2015-ல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம் இயங்கலைக் கல்வியைத் தன் பத்து மாற்றங்களில் ஒன்றாக வைத்தது. 2016-ல் மலேசியத் தகுதி முகமை, இப்படி இணையத்தில் படித்த பாடத்தைப் பட்டப்படிப்பின் புள்ளிகளாக மாற்றிக்கொள்ள வழிகாட்டியை வெளியிட்டது. அதாவது கதவு தாளில் திறந்திருக்கிறது.

இப்போது ஒரு வழக்கறிஞராகப் பேசுகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதுதான் முக்கியம்.

பல்கலைக்கழக இடங்களில் ஒதுக்கீடு இருப்பது நமக்குத் தெரியும். எஸ்.டி.பி.எம். எழுதி நல்ல புள்ளி வாங்கியும் கேட்ட துறை கிடைக்காமல் அழுத பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டின் சட்ட அடிப்படை கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவில், 1971-ல் சேர்க்கப்பட்ட (8A) உட்பிரிவில் இருக்கிறது. அது எப்போது பொருந்தும் என்பதை அந்த வாசகமே சொல்கிறது: ஒரு படிப்பில் இருக்கும் இடங்கள், தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கும்போது. பற்றாக்குறைதான் அங்கே நிபந்தனை. இன்னொரு பக்கம் 12-ஆவது பிரிவு இருக்கிறது. பொது அதிகாரத்தின் கீழ் இயங்கும் கல்வி நிலையங்களின் நிர்வாகத்திலும், மாணவர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து தரும் உதவியிலும், இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது அது.

காணொளியில் பதிவான ஒரு பாடத்தில் எத்தனை நாற்காலி? கிள்ளானில் ஆயிரம் பேர் பார்த்தாலும் பெந்தோங்கில் இருக்கிறவருக்கு ஒரு நாற்காலியும் குறையாது. பற்றாக்குறை என்ற வாதமே அங்கே எழாது. ஒரு காலத்தில் நம்மை வாசலில் நிறுத்திய காரணம் இந்த வகுப்பறையில் செல்லாது என்பது என் வாதம். இதை நாம் எங்கும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் இங்கேயும் பற்றாக்குறையான ஒன்று உண்டு. அது ஆசிரியரின் நேரம்.

அமெரிக்காவில் 2013-ல் நடந்ததைக் கேளுங்கள். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதத்தையும் புள்ளியியலையும் இணையத்தில் நடத்தியது. ஒரு பாடத்திற்கு 150 டாலர்தான். சேர்ந்தவர்களில் கணிதத்தில் ஏற்கெனவே தோற்றவர்களும் ஏழை வட்டாரப் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். இறுதித் தேர்வில் தேறியவர்களைவிடத் தவறியவர்கள் அதிகம். அதே ஆண்டு ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, அதே நிறுவனத்தோடு ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கணினித் துறையில் முதுகலைப் படிப்பை 7,000 டாலருக்கும் குறைவான கட்டணத்தில் தொடங்கியது. ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்தது. அது இன்றும் நடக்கிறது. அங்கே சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள் என்பது ஒரு காரணம். மாணவர் கேள்விக்குப் பதில் எழுதவும் விடைத்தாள் திருத்தவும் ஏராளமான துணை ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து வைத்தார்கள் என்பது இன்னொரு காரணம்.

நம் பிள்ளைகள் எந்தக் கூட்டத்தில் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பிறகு ஆங்கிலப் புத்தகத்தோடு போராடுகிறவர்கள். 'இது புரியவில்லை' என்றால் சொல்லித்தர அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. இவர்களுக்கு வெறும் காணொளி போதாது. கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குத்தான் பணம் வேண்டும் என்கிறேன். ஒரு பாடத்தை இணையத்திற்குத் தயாரிப்பது வகுப்பில் நின்று பேசுவதைப் போல இல்லை. ஒவ்வொரு வாரத்திற்கும் பேச்சை எழுத வேண்டும், துண்டு துண்டாகப் பதிவு செய்ய வேண்டும், பயிற்சிக் கேள்விகள் தயாரிக்க வேண்டும், மாணவர் எங்கே இடறுகிறார் என்று பார்த்துத் திருத்த வேண்டும். இதையெல்லாம் வழக்கமான வகுப்புகளோடு சேர்த்துச் செய் என்றால் அந்த விரிவுரையாளர் என்ன செய்வார்? பழைய ஸ்லைடுகளைப் பார்த்துப் படித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேமராவுக்கும் ஸ்டூடியோவுக்கும் மட்டும் மானியம் போனால், திறப்பு விழாப் படங்கள் அழகாக வரும், பாடம் அப்படி வராது. டத்தோக்கள் ரிப்பன் வெட்டுவதற்குக் கேமரா தோதானது. விரிவுரையாளரின் நேரத்திற்கு ரிப்பன் கட்ட முடியாதே!

இன்னொரு சட்ட விஷயம். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பின் உரிமை முதலாளிக்குப் போகிறது. ஆகவே விரிவுரையாளர் தயாரித்த பாடத்தைப் பொதுவில் வைப்பதா, பூட்டி வைத்துக் கட்டணம் வாங்குவதா என்பதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். மானியம் கொடுக்கும் நாளிலேயே, 'பொதுப்பணத்தில் செய்த பாடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை. அந்த வரி இல்லையென்றால், ஒருமுறை வரியாகக் கொடுத்த காசை மறுபடியும் கட்டணமாகக் கொடுப்பீர்கள்.

இணைய வசதியைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சபா, பீத்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறியதை நாடே பார்த்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு படித்ததை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எந்த நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போல உயர்கல்வி அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. தேர்தல் நேரத்தில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்தானே அவர்? இப்போது நீங்கள் அவர் சேவை மையத்தின் கதவைத் தட்டுங்கள். இயங்கலைப் பாடங்களுக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு செலவானது, அதில் விரிவுரையாளர் நேரத்திற்கும் துணை ஆசிரியர்களுக்கும் போனது எவ்வளவு, எத்தனை பாடங்கள் பதிவு இல்லாமல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன, முதலாண்டுப் பாடங்களுக்குத் தமிழில் விளக்கம் தயாரிக்கத் திட்டம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-லிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கடிதத்தைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இது பிள்ளைகளுக்கு மட்டுமான பேச்சு என்று நினைக்க வேண்டாம். எஸ்.பி.எம். முடிக்காமல் வேலைக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஏபெல் என்ற முறையில் வேலை அனுபவத்தைத் தகுதியாகக் காட்டி விண்ணப்பிக்கலாம். டிப்ளோமாவுக்கு 20 வயதும் பட்டப்படிப்புக்கு 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும்; அதற்கான மதிப்பீட்டில் தேற வேண்டும். பதினைந்து ஆண்டு இயந்திரம் ஓட்டிய கைக்கு அந்த மதிப்பீட்டில் சொல்ல நிறைய இருக்கும்.

கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்க மேசையில் உட்கார்ந்திருப்பேன். ஏபெல் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் அடையாள அட்டையோடு வாருங்கள். சம்பளச் சீட்டு, முதலாளி கொடுத்த கடிதம், ஏதாவது பயிற்சிச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அடுத்த வாரம் எடுத்து வரலாம். கடிதத்தின் மாதிரி தமிழிலும் மலாயிலும் அங்கே இருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.