பிள்ளைகள் படிக்கும் வயதில் பெற்றோரும் படிக்கலாமா?

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஆசிரியத் தம்பதியர் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும் மேடையில், பெற்றோரின் படிப்பைப் பற்றிப் பேச எங்களைப் பணித்திருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளின் தாய், 41-ஆம் வயதில், ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தார். "பெண்ணுக்கு நகை சேர்க்க வேண்டிய நேரத்தில் இது என்ன ஆசை?" என்று உறவினர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. செலவாவது குடும்பத்தின் பணம்; அதைவிட, குடும்பத்தின் நேரம்.

இன்று சேர விரும்புவோர் முதலில் விதிகளை அறிய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இப்படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கலாம். பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாகப் பெண்கள் 240 நாட்கள் வரை பெறலாம். வேலையில் இருப்பவர், பணியிடத்தின் தடையின்மைச் சான்று பெற்றுப் பகுதிநேரமாகப் பயிலலாம்.

விதி ஆண்டுகளைத் தருகிறது. ஆனால், அன்றாடம் இரண்டு மணி நேரத்தை வீடுதான் தர வேண்டும். வெளிநாட்டில், பெரிய அறிஞர் வீட்டிலும் இதே கதைதான். பாரிஸ் நகரில் மேரி கியூரி அம்மையார் 1903-இல் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருடைய மகள் ஐரீனுக்கு வயது 5. 1900 முதல் அவர் ஆசிரியப் பணியும் செய்துவந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மாமனார், மருத்துவர் யூஜின் கியூரி. நோபல் பரிசை அறிந்த நம்மில் எத்தனை பேர் அந்தத் தாத்தாவை அறிவோம்?

எங்கள் வீட்டில் இரவுச் சமையலைத் தந்தை ஏற்றார். விடியற்காலை 4 மணி முதல் 6 மணி வரை எழுதும் நேரம். மகளின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை, நெறியாளரிடம் சொல்லிவிட்டு, ஆய்வுக் குறிப்புகளைக் கட்டி வைத்தோம். பாட்டி நோயுற்றபோது மீண்டும் ஒருமுறை கட்டி வைத்தோம். உறவினர் திருமணங்கள் பலவற்றுக்கு ஒருவர் மட்டுமே சென்றோம். அந்த மனத்தாங்கல் சிலருக்கு இன்னும் உண்டு. இறுதியில் வாய்மொழித் தேர்வு நடந்த அன்று, பின்வரிசையில் பிள்ளைகள் இருவரும் அமர்ந்திருந்தனர். பட்டம் ஒருவர் பெயரில், உழைப்பு ஐவருடையது.

ஆகவே, அன்பர்களே, விண்ணப்பப் படிவத்தை வாங்குமுன் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். இரவு உலை வைப்பது யார்? காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது யார்? கட்டணம் எந்தச் செலவிலிருந்து வரும்? விடை இல்லையென்றால் ஓராண்டு பொறுத்திருப்பதில் இழுக்கில்லை. விடை கிடைத்துவிட்டால், வயதைக் காட்டித் தயங்க வேண்டாம். முக்கியமாக ஆண்களுக்கு ஒரு சொல்: உங்கள் மனைவி படிக்க விரும்பினால் வாயால் சம்மதம் கூறினால் மட்டும் போதாது, வாரத்தில் எத்தனை வேளைச் சமையல் உங்களுடையது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.