கல்லூரியும் ஊரும்

(கூத்தாநல்லூர்த் திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருமடத்தின் நிழலில் தமிழும் சாத்திரமும் பயின்று, நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்ந்தவன் யான். ஆதலின் கோயிலின் பெருமையையே பேசுவேன் என்று எண்ணியிருப்பீர்கள். கோயிலையொட்டி வளரவேண்டிய மற்றோர் அறத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

என் பெயரன் ஒருவன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் என்னும் ஊரிற் பயில்கின்றான். 1837 இல் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தை டெட்ராய்ட் நகரிலிருந்து அங்கு மாற்றினர். ஊரின் மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம். பெருநகருமன்று, சிற்றூருமன்று. “தாத்தா, இங்கே கல்லூரி வேறு, ஊர் வேறு என்று பிரிக்க முடியவில்லை. விடுமுறை வந்தால் தெருவெல்லாம் வெறிச்சோடிவிடுகிறது. நம் பக்கத்தில் இப்படி ஓர் ஊர் உண்டா?” என்று எழுதிக் கேட்டான். உண்டு, கும்பகோணம் என்று மறுமொழி எழுதினேன்.

கும்பகோணத்தைக் கோயில்களுக்காகவும் மகாமகத்துக்காகவும் அறிவோம். ஆயினும் 1854 இல் அங்குக் காவிரிக் கரையில் ஓர் அரசினர் பள்ளி தொடங்கிற்று. 1867 இல் அது கல்லூரியாக உயர்ந்தது. பின்னர் அதனைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்றே அழைக்கலாயினர். வலங்கைமானில் பிறந்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரும் அங்குப் பயின்றவரே.

அக்கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர். 1880 இல் அவர் ஓய்வு பெறுங்கால், அதே ஆசிரியரிடம் பாடங்கேட்டவரும் திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்தவருமான உ. வே. சாமிநாதையரைத் தம் இடத்தில் அமர்த்த முயன்று வெற்றி பெற்றார். ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரும் பிரிய மனமின்றியே விடை கொடுத்தனுப்பினார்.

அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று ஐயரை வினவினார். அவ்வொரு வினா அவர் வாழ்க்கையையே திருப்பிற்று. சிந்தாமணி சமண நூல். அதன் சமயக் கருத்துக்கள் விளங்காதபோது ஐயர் கும்பகோணத்திலிருந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. 1892 இல் சிலப்பதிகாரமும் 1894 இல் புறநானூறும் வெளிவந்தன.

அன்பர்களே, இதனைச் சிறிது எண்ணிப் பாருங்கள். தமிழறிவு தந்தது சைவ மடம். ஊதியம் தந்தது அரசினர் கல்லூரி. வினா தந்தவர் ஒரு நீதிபதி. பொருள் விளக்கியவர் சமண நன்மக்கள். இத்தனை பேரும் ஒருவரையொருவர் எளிதிற் கண்டு பேசும்படி அமைந்த ஊரே கல்லூரி ஊர்.

இனி ஓர் ஏழைக் குடும்பத்தைக் காண்போம். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் துணிக்கடைக் கணக்கர் ஒருவர் வாழ்ந்தார். அவர் மனைவியார் கோமளத்தம்மாள் கோயிலிற் பசனை பாடிச் சிறிது பொருளீட்டுவார். அதுவும் போதாமையால் கல்லூரி மாணாக்கரைத் தம் வீட்டில் தங்கவைத்து உணவிட்டார். அம்மாணாக்கர் அறிந்த கணிதம் முழுவதையும் அவ்வீட்டுச் சிறுவன் கேட்டுக் கேட்டுத் தீர்த்துவிட்டான். அவனே கணித மேதை சீனிவாச இராமானுஜம்.

1904 இல் உதவித்தொகையுடன் கல்லூரி புகுந்த அவர், கணிதமொழிந்த பாடங்களிற் கருத்தூன்றாமையால் அத்தொகையை இழந்தார். கல்லூரியை விட்டும் நீங்கினார். ஆயினும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கற்பலகையிற் கணக்கிடுவதை விட்டாரல்லர். 1914 இல் மெய்யான கேம்பிரிட்ஜே அவரை அழைத்துக்கொண்டது. 1918 இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கல்லூரி விதி கைவிட்டவரை ஒரு வீடும் ஒரு திண்ணையும் தாங்கின. அத்திண்ணை இல்லையேல் அவர் கணக்குகள் என்னாயிருக்கும்?

இவையெல்லாம் பழங்கதை என்று இருந்துவிடல் ஆகாது. 2009 இல் நம் திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. பல மாநிலப் பிள்ளைகள் இந்நெல் வயல்களினூடே வந்து பயில்கின்றனர். சென்ற ஆண்டு வடபுலத்து மாணாக்கர் இருவர் என் வீட்டு மாடியறையை வாடகைக்குக் கேட்டு வந்தனர். மொழி அறியாதவர், என்ன சாதியோ, என்ன உண்பரோ என்று ஐயுற்று, இடமில்லை என்று சொல்லியனுப்பினேன். அறை வெறுமையாகவே கிடந்தது.

அன்றிரவே பெயரன் பேசினான். அவனுக்கு அறை கொடுத்த மூதாட்டி காய்ச்சலில் அவனுக்குக் கஞ்சி போலொன்று காய்ச்சிக் கொடுத்தார் என்றான். அவர் எம் மொழியையும் கேட்டிலர். எம் குலத்தையும் கேட்டிலர். யானோ மடத்துச் சோறுண்டு கற்றவன்! பிறர் இட்ட உணவால் எழுத்தறிந்தவன் கற்க வந்தவனுக்குக் கதவடைத்தேன். அன்று நான் நாணிய நாணம் இன்னும் ஆறவில்லை. மறுநாளே அப்பிள்ளைகளைத் தேடிச் சென்றேன். வேறிடம் அமர்ந்துவிட்டனர். இவ்வாண்டு அவ்வறையில் வேறிருவர் உளர்.

திருப்பணிச் செல்வர்களே, கோபுரத்துக்குக் கொடுத்த கை சிறந்த கை. அக்கை இன்னும் மூன்று செயல் செய்க. கற்க வருவார்க்கு நியாயமான வாடகையில் இடங்கொடுங்கள். இத்திருக்கோயில் அன்னத்தில் மாணாக்கர்க்கு நாள்தோறும் ஒரு பந்தி ஒதுக்குங்கள். தேர்வில் தவறிய பிள்ளையை ஓராண்டேனும் தாங்குங்கள். முதல்வனுக்குக் கொடுப்பார் பலர்; தவறினவனுக்குக் கொடுப்பார் அரியர்.

இம்மாவட்டத்துக் கூத்தனூரில் கலைமகளுக்குத் தனிக்கோயில் உண்டு. ஏடு கொண்டு வரும் பிள்ளைக்குத் திறக்கும் ஒவ்வொரு வீடும் அவளுக்கு மற்றொரு கோயிலேயாம். எல்லாம் வல்ல இறைவன் நம் கதவுகளைத் திறந்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.