நல்ல கன்றும் சிறுதோட்டக் குடும்பமும்



1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டு சென்ற ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. நீங்கள் சீவும் பால்மரத்தின் மூதாதையர் அவை.

ஆனால், மிகுதியாகப் பால் தரும் மரத்தின் விதையில் முளைத்தவை யாவும் தாயைப் போல் பால் தருவதில்லை. ஆகவே, நல்ல மரத்தின் மொட்டை நாற்றின் பட்டையில் ஒட்டுக்கட்டும் முறை வந்தது. 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பல உயர்ந்த இனங்களை உருவாக்கிற்று. அவற்றுள் புகழ்பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. பழைய விதைமரங்கள் ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ ரப்பர் தந்தன. நன்கு பேணப்பட்ட ஒட்டுமரங்களோ 1,500 கிலோ வரை தந்தன.

அவ்வாறிருந்தும் சிறுதோட்டக்காரர் பலர் பழைய மரத்தை வெட்டத் தயங்கியது ஏன்? புதுக்கன்று சீவுவதற்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பெருந்தோட்டம் பகுதி பகுதியாக மறுநடவு செய்யும். இரண்டு ஹெக்டர் வைத்திருக்கும் குடும்பத்திற்கோ மரம் சாய்ந்த அன்றே வருவாயும் நின்றுவிடும். நல்ல கன்றின் பயன், அந்த ஆண்டுகளைக் கடக்க வழியுள்ள குடும்பத்திற்கே கிட்டும். 1973-இல் அமைந்த ரிஸ்டா, கட்டங்கட்டமாக மறுநடவு உதவி வழங்குவது இதற்காகவே.

மலேசியாவின் ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் இன்று சிறுதோட்டக்காரர் கையில் உள்ளது. ஜொகூரில் மூவார், சிகாமட், குளுவாங் வட்டாரங்களில் அவர்கள் உங்கள் அண்டை வீட்டார். உங்களுள் சிலருக்கும் சிறுநிலம் இருக்கலாம். அத்தகையோர் நான்கு செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும்.

மரத்தை வெட்டுமுன் உதவிக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெறுங்கள். அங்கீகாரம் பெற்ற நாற்றுப் பண்ணையிலேயே கன்று வாங்குங்கள். இனம் தவறினால் பல்லாண்டு உழைப்பு வீணாகும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நிரைகளுக்கிடையே வாழை, அன்னாசி, சோளம் பயிரிட்டால் அடுப்பு அணையாது. உயர்ந்த இனத்திற்கும் குறை உண்டு என்பதையும் மறவாதீர். 600-ஆம் இனத்தின் கிளைகளை இளஞ்சிவப்புப் பூஞ்சை நோய் எளிதில் தாக்கும். மழைக்காலத்தில் கவனித்து வாருங்கள்.

கன்றை ஆராய்ச்சி தந்தது. பட்டை கெடாமல் சீவும் கைத்திறன் உங்களிடம் உள்ளது. இவ்விரண்டும் சேரும் நிலத்தில் குடும்பம் தழைக்கும்.