வரிக்குதிரைமேல் சேணம்

(கீழக்குயில்குடி சமணர் மலையடியில் நிகழ்த்திய உரை)



செட்டிப்புடவுக் குகையினுள் சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லேந்தி, யானைமேல் வரும் பகைவனை எதிர்க்கும் இயக்கியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நம் சிற்பிகள் அச்சிங்கத்திற்குக் கடிவாளம் இட்டார்களா என்று சென்ற ஆண்டு ஒரு சிறுவன் வினவினான். தெய்வ ஊர்திக்கு அது வேண்டுவதில்லை என்றேன். மனிதன் ஏறும் விலங்கின் நிலை வேறு. அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். அதிலும் குதிரையை விடுத்து, வரிக்குதிரையை.

இந்நாட்டிற்கு அவ்விலங்கு முற்றிலும் புதிதன்று. 1621-இல் ஜஹாங்கீர் அவைக்கு ஒன்று வந்தது. அதன் வரிகள் எவரோ தீட்டிய சாயமோ என்று ஐயுற்று ஆராய்ந்தனர். ஓவியர் மன்சூர் அதனை வரைந்தார். அப்போது அது காட்சிப்பொருள் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில்தான் அதன் முதுகில் சேணம் ஏறிற்று. கேப்டன் ஹோரஸ் ஹேய்ஸ் என்னும் குதிரைப் பயிற்சியாளர் மலை வரிக்குதிரை ஒன்றை மிகக் குறுகிய பொழுதில் வசக்கித் தம் மனைவி ஆலிஸுக்கு அளித்தார். அவ்வம்மையார் ஏறிச் சென்றார்; ஆயினும் கழுத்து வலிமை மிகுந்த அவ்விலங்கு இனிய ஊர்தியன்று என்று தம் நூலில் எழுதினார். விரைவாக வசக்கியது திறமைதான். ஆனால் விரைவில் பணிந்த விலங்கு பழகிவிட்டதா, அஞ்சி அடங்கிற்றா என்பது வேறு கேள்வி.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தேவை வேறு. அங்கே ஒருவகை ஈ பரப்பும் நோயால் குதிரைகள் மடிந்தன. வரிக்குதிரைகள் தாங்கி நின்றன. ஆதலின் குடியேறிகள் பலர் அவற்றைப் பழக்க முனைந்தனர். பெரும்பாலோர் கைவிட்டனர். நைரோபியில் 1900 முதல் மருத்துவம் பார்த்த கோவா நாட்டவர் ரொசெண்டோ ரிபெய்ரோ மட்டும் தாம் பழக்கிய வரிக்குதிரைமேல் ஏறி நோயாளிகளின் இல்லந்தோறும் சென்றார். 1902-இல் அந்நகர்க் கடைவீதியில் கொள்ளைநோய் தோன்றியதை அறிந்து சொன்னவரும் அவரே. நம் நாட்டவர் ஒருவர் செய்துகாட்டிய செயல் இது என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு, மறைப்பானேன்?

பலர் ஏன் தோற்றனர்? குதிரை பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்தது. வரிக்குதிரையோ சிங்கத்தோடு வாழ்ந்தது. அணுகுவது எதுவாயினும் அதற்குப் பகையே. உதைக்கும், கடிக்கும், கடித்ததை எளிதில் விடாது. குட்டிப் பருவத்திலேயே கைத்தீண்டலுக்குப் பழக்க வேண்டும். பின் தலைக்கயிறு, பின் முதுகில் வெறுந்துணி, பின் சேணம். தோள்மேடு தாழ்ந்திருப்பதால் சேணம் முன்னே வழுக்கும். வாலடியில் ஒரு வார் கொடுத்து நிறுத்துவர். ஒரு படியில் மிரண்டால் முந்தைய படிக்கு மீள வேண்டும். மாதங்கள் செல்லும். இதற்குப் பொறுமையில்லாதவன் கோலெடுப்பான்.

இவ்விடத்தில்தான் உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் நினைவிற்கு வருகிறது. அதன் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்திற்குச் சொன்ன அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றல், ஊணும் நீரும் மறுத்தல். விலங்கை வசக்குவோன் கையாளும் கருவிகள் பெரும்பாலும் இவ்வைந்தனுள் அடங்கிவிடுகின்றன! கட்டிப்போட்டும், பட்டினியிட்டும், அடித்தும் பணியவைத்தலே பழைய எளிய வழி. நம் முன்னோர் ஏரும் வண்டியும் கொண்ட உழவர்கள். மூக்கணாங்கயிறும் காளைக்குக் காயடித்தலும் அவர்கள் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். விலங்கை வேலைக்குக் கொள்ளவே கூடாதென்று ஆசாரியர் இல்லறத்தாரைத் தடுக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார்.

நான்காம் அதிசாரத்தை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தல் தகாது என்பது பயிற்சியாளர் பலர் கொள்ளும் அளவு. வரிக்குதிரை 300 கிலோ என்று கொண்டால், சேணத்தையும் சேர்த்து 60 கிலோ. இப்பந்தலில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேர் தேறுவோம்? நான் தேறேன்.

வரிக்குதிரை நமக்கு வாய்க்கப் போவதில்லை. ஆனால் கோடை விடுமுறையில் கொடைக்கானல் ஏரிக்கரையில் பேரக்குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றுகிறோம். அடுத்த முறை காசு கொடுக்குமுன் கடிவாயைப் பாருங்கள், புண் உண்டா என்று. சேணத்தின் கீழ்வாரைச் சற்றே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது நீர் காட்டினீர்கள் என்று குதிரைக்காரரைக் கேளுங்கள். அவரும் வயிற்றுப்பாட்டிற்கே நிற்கிறார். கடிந்து பேசாது கேளுங்கள். விடை சரியில்லையெனில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்து வாருங்கள்.